பண்டிகைக்குப் பெயர் உண்டு: எங்கள் மனிதவளத் துறைக்கும் சட்டத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறைத் தலைமைக்கும் சட்டத் துறைத் தலைமைக்கும்,

போகிக்கு முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு உங்கள் இரண்டு துறைகளும் சேர்ந்து அனுப்பிய மெயில் எங்கள் எல்லோருக்கும் வந்தது. அதன் தமிழ் வாசகத்தில் இருந்து நான்கு வரியை அப்படியே எடுத்து வைக்கிறேன்.

"ஆண்டின் இந்த அறுவடைக் காலத்தைத் தாம் தேர்ந்தெடுக்கும் முறையில் அனுசரிக்கும், அல்லது அனுசரிக்காத, எல்லாப் பணியாளர்களுக்கும் நிறுவனம் தன் நல்லெண்ணத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. இச்செய்தி எந்த மதத்தையும், பண்பாட்டையும், உணவு வழக்கத்தையும் ஆதரிப்பதாகவோ ஊக்குவிப்பதாகவோ பொருள் கொள்ளலாகாது. இதில் கூறப்பட்டுள்ள நலம், வளம் ஆகியவற்றுக்கு நிறுவனம் எவ்வித உத்தரவாதமும் அளிக்கவில்லை. இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்."

மொத்தம் பதினொரு வரி. பொங்கல் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. கடைசியில் ஓர் உத்தரவு மட்டும் இருந்தது. இனி டீம் குரூப்களில் பண்டிகை வாழ்த்து அனுப்புகிறவர்கள் ஒப்புதல் பெற்ற வாசகத்தையே பயன்படுத்த வேண்டும். வேறு வாசகம் என்றால் இரண்டு வேலை நாள் முன்பே அனுமதி கேட்க வேண்டும்.

இந்த நிறுவனத்தில் எனக்கு இது பதினேழாவது வருடம். சம்பள உயர்வு தள்ளிப்போனபோதும், கேப் வண்டியை நிறுத்தியபோதும் நான் எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் அந்த மெயில் மட்டும் இல்லை. அதே நாள் பதினொரு மணிக்கு ரிசப்ஷன் முன்னால் நடந்ததை நான் நின்று பார்த்தேன்.

நம் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. அன்று ஐந்தேகாலுக்கே வந்துவிட்டார். 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளிக் கோலம். நடுவில் பானை, இரண்டு பக்கமும் கரும்பு. கலர்ப்பொடி அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. கோலத்துக்குக் கீழே சிவப்புப் பொடியில் 'பொங்கல் வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி, மிதிக்காமல் நடந்தார்கள். செக்யூரிட்டி அண்ணன் இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து அணைகட்டினார். அப்புறம் அட்மினிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, வரவேற்புப் பகுதியில் பண்டிகைச் சின்னம் எதுவும் இருக்கக்கூடாது என்று சட்டத் துறை சொல்லிவிட்டதாகச் சொன்னார். போட்டவரையே அழிக்கச் சொன்னார்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் எழுத்தைத்தான் அழித்தார். ஈர மாப்பை இழுத்ததும் சிவப்புப் பொடி கரைந்து டைல்ஸ் இடுக்கில் இறங்கிவிட்டது. பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, முட்டி போட்டு, இடுக்கு இடுக்காகத் தேய்த்தார். சாயங்காலம் நான் கிளம்பும்போதும் அங்கே லேசாகச் சிவப்பு இருந்தது.

மறுபடி அவரைப் பேன்ட்ரியில் பார்த்தபோது மெதுவாகக் கேட்டார்: "மேடம், வாழ்த்துக்கள்னு நடுவுல 'க்' போடாம விட்டுட்டேன், அதனாலயா அழிக்கச் சொன்னாங்க?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 'க்' போடாமல் எழுதுவதுதான் சரி என்று தமிழாசிரியர்கள் பலர் சொல்வார்கள், நீங்கள் எழுதியதில் பிழையே இல்லை என்றேன். அவர் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை. பிழை இல்லாத ஒன்றை எதற்காக அழிக்கச் சொல்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. என் கேள்வியும் அதுதான். உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் எச்சரிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மேலாளர் விநாயகர் சதுர்த்திக்குத் தன் பிரிவு முழுவதற்கும் ஒரு நீண்ட மெயில் அனுப்பினார். அன்று கும்பிடாதவர்களுக்கு என்ன குறை வரும் என்றெல்லாம் அதில் இருந்தது. மூன்று பேர் புகார் கொடுத்தார்கள். கொடுத்தது நியாயம். அது வாழ்த்து இல்லை, உபதேசம். அந்த மேலாளரைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் அவரை விட்டுவிட்டு வாழ்த்தைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு வரி கூடி, ஒரு சொல் குறைந்து, இந்த வருடம் பண்டிகையின் பெயரே போய்விட்டது.

என் அப்பா தபால்காரர். தூத்துக்குடி மாவட்டத்தில் சின்ன ஊர். மார்கழி பிற்பாதியில் எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்ப்பதே அரிது. சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். பானையும் கரும்பும் போட்டது, ஜோடி மாடு போட்டது, முருகன், எம்ஜிஆர், சிவாஜி, பின்னால் ரஜினி, கமல். உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி அனுப்பினால் தபால் செலவு குறைவு என்பதால் பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள். போகி அன்று இருட்டும் வரை அப்பா சைக்கிளில் சுற்றுவார். பொங்கல் முடிந்து வந்து சேரும் அட்டையைக் கொடுக்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு அப்பாவே படித்துக் காட்டுவார். பள்ளி லீவில் நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து கூடவே போயிருக்கிறேன். கீழத் தெருவில் ஒரு ஆச்சி. மகன் பம்பாயில் வேலை. அட்டையில் 'பொங்கல் வாழ்த்து' என்று அச்சில் இருக்கும், அடியில் பேனாவில் இரண்டு வரி இருக்கும். அப்பா படித்து முடித்ததும் ஆச்சி ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "எம் பேரு போட்டிருக்கானா?" அப்பா உறையைத் திருப்பி, அவள் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கிறிஸ்தவர்கள் அதிகம். டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். கேரல் பாடுகிறவர்கள் நடு ராத்திரி வந்து கதவைத் தட்டுவார்கள். கடைத்தெரு பாய் தன் கடைப் பெயரை அச்சிட்ட பொங்கல் வாழ்த்தை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்புவார். அப்பா நோன்புப் பெருநாள் அன்று தபால் பையோடு அவர் கடை வாசலில் நின்று "பாய், பெருநாள் வாழ்த்து" என்பார். யாரும் யாருடைய சாமியையும் ஏற்றுக்கொண்டதாக அதற்கு அர்த்தம் கிடையாது. உன் வீட்டில் இன்று நல்ல நாள் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நம் வாழ்த்துகள் பலவும் கேள்விகளாகவே இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தீபாவளி காலையில் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்பார்கள். பொங்கலன்று "பால் பொங்கிருச்சா?" என்பார்கள். கேட்டவர் பதிலுக்காக நிற்பார். பொங்கிருச்சு, உங்க வீட்ல? என்று பதில் வரும். உங்கள் மெயிலில் என்னை மிகவும் வருத்திய வரி உத்தரவாதத்தைப் பற்றியது இல்லை. பதில் அனுப்ப வேண்டாம் என்ற வரிதான். வாழ்த்திவிட்டு, பதிலுக்கு வாழ்த்தாதே என்று சொல்லும் ஒரு மனிதரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு ஊழியர்கள் எல்லோரும் கூடும் டவுன்ஹால் மீட்டிங்கில் நான் எழுந்து இதைக் கேட்டபோது, இது அமெரிக்கத் தலைமையகம் தந்த வாசகம், சட்டச் சிக்கல் வராமல் இருக்கத்தான் என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நான் படித்துப் பார்த்தேன். நான் வக்கீல் இல்லை, தவறிருந்தால் திருத்துங்கள். அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போன பெரிய வழக்குகள், அரசாங்கம் பொது இடத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கலாமா என்பதைப் பற்றியவை. அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை; ஒரு தனியார் நிறுவனம் தன் ஊழியருக்குச் சொல்லும் வாழ்த்தை இல்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாடக்கெட் நகரம் வைத்த குடிலைக்கூட 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் என்றாலும், அனுமதித்தது. ஊழியரை மதத்தைக் காட்டி ஒதுக்கக்கூடாது, தொல்லை கொடுக்கக்கூடாது என்று அங்கே 1964-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது மிகவும் தேவையான சட்டம். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு அலுவலகத்தில் பொங்கல் என்ற சொல்லை எழுத அது எப்படித் தடையாகும்?

நமக்கு இங்கே பொருந்துகிற சட்டத்தையும் பார்த்தேன். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம், 1958. பெயரிலேயே பண்டிகை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, இன்னும் ஐந்து நாள் பண்டிகைகளுக்கு விடுமுறை தர வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டத்தின்படி நீங்களே கையெழுத்திட்ட பட்டியல் பேன்ட்ரிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் பொங்கல் இருக்கிறது, ரம்ஜான் இருக்கிறது, கிறிஸ்துமஸ் இருக்கிறது, தீபாவளி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தமிழ்நாடு அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் தெலுங்கு வருடப் பிறப்பு, மகாவீர் ஜெயந்தி, மிலாதுன் நபி, 2021 முதல் தைப்பூசம் என்று எல்லாம் பெயரோடுதான் இருக்கின்றன. எல்லா மதத்தவருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய அரசே பெயர் சொல்லத் தயங்கவில்லை. நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

ஒரே ஒரு இடத்தில் உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. தமிழ்ப் புத்தாண்டு. 2008-ல் தை முதல் நாள்தான் என்று சட்டம் வந்தது, 2011-ல் அதை நீக்கிப் பழையபடி சித்திரைக்கு மாற்றினார்கள். நம் அலுவலகத்திலும் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். டீக்கடையில் நின்று வாதாடுவார்கள், வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். சித்திரை முதல் நாள் வாழ்த்துகள் என்று எழுதினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. 'ஏப்ரல் நடுவில் வரும் பிராந்திய நாள்' என்று நீங்கள் எழுதியபோதுதான் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து வருத்தப்பட்டார்கள்.

யாருடைய மனம் புண்படும் என்று நீங்கள் பயப்படுகிறீர்களோ, அவர்களிடமே பேசினேன். அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன்.

என் டீமில் ஒரு தம்பி. அவன் தாத்தா காலத்திலிருந்து பெரியார் வழிக் குடும்பம், தீபாவளி கொண்டாட மாட்டான். பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடுவான். அவன் சொன்னது: "அக்கா, கொண்டாடாதவங்களுக்காகத்தான் இப்படி எழுதறோம்னு சொல்றாங்க. என்னை ஒருதரம் கேட்டாங்களா? தீபாவளி வாழ்த்துனு யாராவது சொன்னா நான் நன்றின்னு சொல்லிட்டுப் போவேன். இதுவரைக்கும் சண்டை போட்டதில்ல." கிறிஸ்தவத் தோழி ஒருத்தி சென்ற டிசம்பரில் வந்த 'ஆண்டிறுதிக் கால நல்லெண்ணச் செய்தி'யைக் காட்டினாள். அதில் பனிமனிதன் படம் இருந்தது, கிறிஸ்துமஸ் இல்லை.

பக்கத்து இருக்கைத் தோழிக்கு நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ரம்ஜான். பிறை தெரிந்து தலைமை காஜி அறிவித்தால்தான் பெருநாள் என்றைக்கு என்று உறுதியாகும். அது முதல் நாள் ராத்திரிதான் தெரியும். காலண்டரைப் பார்த்து அவள் ஒரு தேதிக்கு லீவு போட்டிருந்தாள். பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போனது. லீவை மாற்றப் போனால், 48 மணி நேரத்துக்குள் மாற்ற முடியாது என்று சிஸ்டம் மறுத்துவிட்டது. சாஃப்ட்வேர் ரிலீஸ் வாரம் வேறு. தொழுகை முடித்த கையோடு, புதுத் துணியில் அப்படியே லேப்டாப்பைத் திறந்து, ஒன்பதரை மணி மீட்டிங்கில் உட்கார்ந்தாள். அந்த மீட்டிங் நடக்கும்போதுதான் உங்கள் மெயில் வந்தது. இக்காலத்தை அனுசரிக்கும் அல்லது அனுசரிக்காத எல்லோருக்கும் நல்லெண்ணம் என்று. மைக்கை அணைத்துவிட்டு அவள் எனக்கு அனுப்பியது ஒரு வரி: "பெருநாள்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்."

அவளுக்கு அன்று தேவைப்பட்டது லீவு. அதற்கு அடுத்தபடியாக ஒரு சொல். இரண்டுமே கிடைக்கவில்லை. எல்லோரையும் அணைத்துப் போகும் அலுவலகம் என்று நாம் வெளியே சொல்லிக்கொள்கிறோம். அப்படி அணைத்துப் போவதற்கான அக்கறை லீவு விதியில் இல்லாமல், வாழ்த்தின் வாசகத்தில் மட்டும் செலவாகிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஆகவே நான் கேட்பவை.

இரண்டு நாள் முன்அனுமதி உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். ஒரு டீம் குரூப்பில் ஒருவர் இன்னொருவருக்கு வாழ்த்துச் சொல்வது உங்கள் ஒப்புதலுக்கு உட்பட்டது இல்லை. யாராவது வாழ்த்து என்ற பெயரில் இன்னொருவர் நம்பிக்கையை இழிவுபடுத்தினால், அதற்கென்று ஏற்கெனவே இருக்கும் நடத்தை விதி போதும். அந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நிறுவனம் அனுப்பும் வாழ்த்தில் பண்டிகையின் பெயரை எழுதுங்கள். பொங்கல் என்றால் பொங்கல், கிறிஸ்துமஸ் என்றால் கிறிஸ்துமஸ், பக்ரீத் என்றால் பக்ரீத். சுவரில் ஒட்டிய விடுமுறைப் பட்டியலில் உள்ள எல்லாப் பண்டிகைக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள், ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள். பட்டியலில் இல்லாத ஓணம், புத்த பூர்ணிமா, குருநானக் ஜெயந்தி போன்றவற்றையும் அந்தந்த ஊழியர்களைக் கேட்டுச் சேருங்கள். வாழ்த்துக்குக் கீழே பொறுப்புத் துறப்பு வாசகம் வேண்டாம். பதில் அனுப்ப முடிகிற ஒரு முகவரியிலிருந்து, ஒரு மனிதரின் பெயரோடு அனுப்புங்கள்.

பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகளுக்கு 48 மணி நேர விதியைத் தளர்த்துங்கள். முதல் நாள் ராத்திரி மாற்றினாலும் செல்ல வேண்டும். ரம்ஜான், பக்ரீத், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் வரும் வாரங்களில் ரிலீஸ் வைப்பதற்கு முன் அந்தந்த டீமைக் கேட்கும் வழக்கத்தை எழுத்தில் கொண்டு வாருங்கள். ஐந்து பண்டிகை விடுமுறைகளைத் தாண்டி இரண்டு நாளை ஊழியரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி விடுங்கள். கொண்டாடாதவர் அந்த இரண்டு நாளைத் தனக்குப் பிடித்த வேறு நாளில் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த வாசகத்தை எழுதுவதற்கு முன் ஊழியர்கள் சிலரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அதில் எல்லா மதத்தவரும் மதம் இல்லாதவரும் இருக்கட்டும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, பேன்ட்ரி என்று ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களும் கட்டாயம் இருக்கட்டும். அவர்களுக்கு உங்கள் மெயில் வருவதே இல்லை. அதில் இருந்த தடை மட்டும் அவர்கள் மேல் விழுந்தது.

கடைசியாக, அந்த அக்காவிடம் உங்களில் ஒருவர் நேரில் போய்ப் பேச வேண்டும். அவர் எழுதியதில் பிழை எதுவும் இல்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். கலர்ப்பொடிக்கு அவர் செலவழித்த காசை அவர் கேட்கமாட்டார், நீங்களே கொடுங்கள். வருகிற சித்திரை முதல் நாளுக்கு ரிசப்ஷன் முன்னால் கோலம் போடலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள், போட விருப்பமா என்று அவரைக் கேளுங்கள். ஷிஃப்டுக்கு முன்னால் வர வேண்டியிருந்தால் அந்த நேரத்துக்கும் கூலி சேர்த்துக் கொடுங்கள்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். என் முகவரிக்குப் பதில் அனுப்பலாம்.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கும் ஒருத்தி